இல்லாத முக்கோணத்துக்கு ஓர் எண்

கோவிந்தசாமி அண்ணனின் வேலை மேசைக்கு மேலே, சுவரில், நான் செய்த குறும்பு நான்கு மூலையிலும் ஆணியடிக்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். என் கையில் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜெலுத்தோங் மரத்தைச் சீவும்போது வரும் இலேசான புளிப்பு வாசனை. தகரக் கூரையின் ஆணித் துளைகள் வழியாக விழுந்த வெயில் பொட்டுகள், வேறு இடமே கிடைக்காததுபோல், என் படத்தின் மேல் விழுந்திருந்தன.

நீலத்தாளில் வெள்ளைக் கோடுகள். மேலே ஓர் எண். வலது கீழ் மூலைக் கட்டத்தில் தலைப்பு, பொருள், தேவை, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. எந்தக் கப்பல்காரனும் பார்த்தவுடன் நம்புவான். குறை ஒன்றுதான். அந்தப் படத்தில் இருந்த பொருளைப் பூமியில் யாராலும் செய்ய முடியாது.

மூன்று சதுரக் கட்டைகள் சேர்ந்து ஒரு முக்கோணம். எந்த மூலையைத் தனியாகப் பார்த்தாலும் அது சுத்தமான செங்கோண மூலை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். முன்னால் வந்த கட்டை பின்னால் போய்விடும். பின்னால் போனது எப்படியோ முன்னால் வந்து சேர்ந்திருக்கும். சில குடும்பங்கள் இப்படி உண்டு. தனித்தனியே பார்த்தால் எல்லாரும் நல்லவர்கள். ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியாது.

“வா தம்பி” என்றார் கோவிந்தசாமி அண்ணன், உளியைத் தீட்டியபடி. “இத்தன நாளா மேல இருக்கறவங்க டப்பா மூடி மாதிரி வேலையா குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இப்பத்தான் ஒருத்தன் யோசிச்சு வரைஞ்சிருக்கான்.”

அந்த ஒருத்தன் நான்தான் என்பதைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே போனது மரத்தூள்.

கண்ணை நம்பிக் கெட்டவன்

கண் என்பது நமக்கு வாய்த்த நெருங்கிய சொந்தம். நெருங்கிய சொந்தங்களைப் போலவே அது அடிக்கடி பொய் சொல்லும், பிடிபட்டாலும் வருத்தப்படாது. இந்த விஷயத்தில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அனுபவம்.

தேக்காவில் ஒரு முடிதிருத்தும் கடை. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு என்னை உட்காரவைத்து வெட்டிய காலம். எதிர்ச் சுவரில் ஒரு சாமி படம், சட்டம் சட்டமாக மடித்தது. நேரே பார்த்தால் விநாயகர். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் முருகர். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் லட்சுமி. வாசகர்களில் பாதிப்பேர் வீட்டில் இது இருந்திருக்கும்.

விநாயகர் எந்த நொடியில் முருகர் ஆகிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நாவிதர் தலையை நேராகத் திருப்பித் திருப்பி வைப்பார். நான் நூலளவு நூலளவாக நகர்வேன். ஒரு நாள், முடிக்குள்ளிருந்து காது உதயமாகிக்கொண்டிருந்த சமயத்தில், முருகரின் வேல் தெரிந்துவிட்டது. சட்டென்று திரும்பினேன். என் இடது காதுக்கு மேல் இருக்கும் தழும்பு ஆன்மிகத் தேடலில் பெற்றது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டார். மேலே இருந்ததன் நுனிகளில் அம்பு உள்பக்கம் மடங்கியிருந்தது, கீழே இருந்ததில் வெளிப்பக்கம் விரிந்திருந்தது. எது நீளம் என்றார். வகுப்பு முழுவதும் கீழே இருப்பதுதான் என்றது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கண்டுகொண்ட நான் எழுந்து, மேலே இருப்பதுதான் என்றேன். இரண்டும் ஒரே நீளம் என்றார் வாத்தியார். மற்றவர்கள் சும்மா தவறினார்கள். நான் யோசித்துத் தவறினேன். அன்றிலிருந்து அதுவே என் வழக்கம்.

பிறகு நிலா. தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் பின்னால் பௌர்ணமி நிலா எழும்போது, பாரந்தூக்கிகளுக்கு நடுவே அரிசி புடைக்கும் முறம் அளவுக்கு இருக்கும். கொஞ்ச நேரத்தில் மேலே ஏறினால் அப்பளம். உண்மையில் இரண்டும் ஒரே அளவுதானாம். முதுகைக் காட்டிக் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலைகீழாகப் பார்த்தால் முறமும் அப்பளமாகச் சுருங்கிவிடும் என்று எங்கோ படித்தேன். கடற்கரையில் செய்து பார்த்தேன். சுருங்கியது உண்மை. கைலி கட்டிக்கொண்டு யாரும் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பொய் சொல்லும் அடிக்கோல்

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. பெயர் வேண்டாம். அதன் மாடியில் இருந்த வரைபட அறையில் எனக்கு டிரேசர் வேலை. அதாவது மற்றவர்கள் பென்சிலில் வரைந்ததை மெல்லிய துணித்தாள் போட்டு மையில் நகல் எடுப்பது. சொந்தமாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எனக்காகவே படைக்கப்பட்ட வேலை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

அதற்கு முன் மூன்று வேலைகள் என்னைக் கைவிட்டிருந்தன. இது என் அக்காள் வீட்டுக்காரர் அத்தான் சொல்லி வாங்கித் தந்தது. இதுவும் போனால் அவர் எனக்காக வைத்திருந்த இடம் எருமைச் சந்தைப் பக்கம் அவருடைய மசாலா மில். அங்கே மிளகாய் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலி காலியாகவே இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தான் அந்த முக்காலியின் மேல் துண்டால் ஒரு தட்டுத் தட்டுவார். ஒன்றும் சொல்லமாட்டார். நான் தும்மிக்கொண்டே வீடு போய்ச் சேர்வேன்.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். முடிவில் தலைமை வரைவாளர் ஒரு கடிதம் கொடுப்பார். அதில் ‘நிரந்தரம்’ என்று இருந்தால் மனிதன். இல்லாவிட்டால் மிளகாய்.

வந்த முதல் மாதமே கோவிந்தசாமி அண்ணனிடம் மாட்டிக்கொண்டேன். அவர் பேட்டர்ன் ஷாப்பின் தலைமைத் தச்சர். இரும்பில் ஒரு பொருளை வார்க்க வேண்டுமானால் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து, மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. இள வயதில் சிராய் தெறித்து இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அவர் ஒரு பலகையைப் பார்த்தால் பலகை தானே நேராகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள்.

ஏதோ அளவு கேட்டுக் கீழே போன நான், அவருடைய அடிக்கோலை என்னுடையதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். அவருடைய ஓர் அடி என் ஓர் அடியைவிடக் கிட்டத்தட்ட ஒரு நூல் நீளம். அண்ணே, உங்க அடிக்கோல் தப்பு, இருபது வருஷமா தப்பா அளந்திருக்கீங்க என்று பத்துப்பேர் முன்னிலையில் அறிவித்தேன்.

பட்டறை முழுவதும் உளியைக் கீழே வைத்தது. பிறகு சிரித்தது. வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்து, வேண்டுமென்றே நீட்டிச் செய்த அடிக்கோல் அது. பேட்டர்ன் தச்சர்கள் எல்லாரிடமும் இருக்கும். இதை எனக்குத் தவிர அங்கே டீ கொண்டுவருபவருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நான் கீழே போகும்போதெல்லாம் யாராவது என் எதிரில் விரலை நீட்டி, தம்பி, இது சரியாத்தான் இருக்கா, கொஞ்சம் அளந்து சொல்லு என்பார்கள்.

தேவை: ஆறு

பிராஸ் பாசா சாலையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. அங்கே ஒரு சனிக்கிழமை, அட்டை போன ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அந்த முக்கோணத்தைப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கோவிந்தசாமி அண்ணனின் மூக்குக்கு நேரே நீட்டினால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு மெல்ல வந்தது. அப்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது.

வேலை குறைவாக இருந்த ஒரு பிற்பகலில் துணித்தாளில் அதை வரைந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சுத்தமாக வரைந்த படம் அதுதான். தலைப்பு: தாங்கி. பொருள்: வார்ப்பிரும்பு. ஒன்று கேட்டால் சந்தேகம் வரும் என்று தேவை என்ற இடத்தில் ஆறு என்று போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நகைச்சுவை முழுமையாக இருக்க வேண்டும் என்கிற கலைஞனின் பேராசை விடவில்லை. சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அங்கே தலைமை வரைவாளர் திரு. நல்லையாவின் ஒற்றை எழுத்துச் சுருக்கொப்பத்தை, வால் உள்பட, நானே போட்டேன்.

திரு. நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை முழுக்கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பென்சில்கள், மூன்றும் ஒரே நீளம். அவருடைய அந்த ஓர் எழுத்து இல்லாமல் எந்தப் படமும் கீழே போகாது. அந்த எழுத்து இருந்தால் கீழே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முந்தின வருஷம் ஒருவர் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டதற்காகவே வேறு வேலை தேடிப் போயிருந்தார். கையெழுத்தையே திருடியவனை எங்கே அனுப்புவார்கள் என்று யோசித்தால் மிளகாய் நெடி அடித்தது.

படத்தை அன்று மாலையே கீழே எடுத்துப் போய்க் காட்டிவிட்டுக் கிழித்துவிடுவதாகத் திட்டம். ஆனால் அதற்குள் ஓர் அவசர வேலை வந்தது. படத்தை மேசையில் கிடந்த தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அது அச்சுக்குப் போகும் படங்களின் தட்டு.

அடித்தல் திருத்தல் கிடையாது

அந்தத் தட்டில் விழும் ஒவ்வொரு படத்துக்கும் பதிவேட்டில் எண் கொடுப்பவர் மிஸ் கமலா. பிற்பாடு அவர் என் மனைவியானார். எப்படி என்பதை இந்த நினைவுக் குறிப்புகளின் ஆறாவது அத்தியாயத்தில் எழுதிவிட்டேன்; சம்பந்தப்பட்டவர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

வேலை உத்தரவு இல்லாத படம் வந்தால் அதை வரைந்தவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அவர் என் படத்துக்கும் எண் கொடுத்துவிட்டார். எண் வந்ததும் படம் அச்சு அறைக்குப் போனது. ஈர நீலத்தாளைக் கொடியில் வேட்டி போல உலர்த்தினார்கள். உலர்ந்ததும் கீழே போய்விட்டது. மறுநாள் மதியம் நான் அதைச் சுவரில் பார்த்ததைத்தான் முதலில் சொன்னேன்.

மாடிக்கு ஓடிவந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த எண்ணைப் பதிவேட்டில் அடித்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“ரெஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கிடையாது லா” என்றார் மிஸ் கமலா, தலையை நிமிர்த்தாமல். “அடிக்கணும்னா காரணம் எழுதணும். மிஸ்டர் நல்லையா கீழ ஒப்பம் போடணும். என்ன காரணம் எழுதட்டும்?”

ஒரு காரணமும் இல்லை என்றேன்.

“அப்ப நல்லதுதானே” என்று அடுத்த படத்தை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு கடமை உணர்ச்சி ஒரு பெண்ணுக்கு ஆகாது என்று அன்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் நெடுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எது தப்பு, காட்டு

வேறு எந்தப் பட்டறையாக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதென்ன கூத்து என்று எழுதிப் படத்தை மேலே அனுப்பியிருப்பார்கள். எங்கள் இடத்தில் அது நடக்காது. மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் படம் படிக்கத் தெரியாதவர்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்கள் சுத்தியல் பிடிக்கத் தெரியாதவர்கள். ஒரு படத்தைத் திருப்பி அனுப்பினால் மேலே ஒரு மாதம் சிரிப்பார்கள். ஆகவே கீழிருந்து படம் திரும்பி வருவதே இல்லை. அதிலும் கோவிந்தசாமி அண்ணன், தான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு படத்தையும் திருப்பியதில்லை என்பதை மற்றவர்கள் பதக்கத்தைக் குத்திக்கொள்வதுபோல் குத்திக்கொண்டவர்.

நிரந்தரக் கடிதம் வெள்ளிக்கிழமை. அன்று செவ்வாய்.

புதன்கிழமை மதியம் கீழே போனேன். மூன்று கட்டைகள், முழம் நீளத்தில், நான்கு பக்கமும் இழைத்து மேசையில் கிடந்தன. தொட்டால் வழுக்கியது. உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். ஆனால் படம் பொய் என்று சொன்னால், பொய்ப் படத்தில் திரு. நல்லையா எப்படி ஒப்பம் போட்டார் என்ற கேள்வி வரும். அதனால் உண்மையின் ஓரத்தை மட்டும் சொன்னேன். அண்ணே, அந்தப் படம் ஒருவேளை தப்பாக இருக்கலாம்.

உளி நின்றது. “எது தப்பு? காட்டு.”

மேல் மூலையைக் காட்டினேன். அவர் மூலைமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்து, இந்தக் கட்டை இப்படி வருது, அந்தக் கட்டை அப்படிப் போகுது, செய்யலாமா கூடாதா என்றார். செய்யலாம் என்றேன். இடது மூலை. அதையும் செய்யலாம். வலது மூலை. அதையும்தான்.

“மூணு மூலையும் சரி, மூணு கட்டையும் சரி. அப்புறம் தப்பு எங்க இருக்கு?”

இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன். அந்தக் கேள்வி அளவுக்குத் தெளிவான பதில் இன்னும் என்னிடம் இல்லை.

“தம்பி” என்றார், குரலைத் தாழ்த்தி. “என்னால செய்ய முடியாதுன்னு வந்து சொல்லச் சொன்னாங்களா மேல?”

இல்லவே இல்லை என்றேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டையை எடுத்தார். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் வெளியே போனதும் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் வெளியே போகவே இல்லை. மேசைக்கு எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, டீ ஆறிப்போக, மூன்று கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி இரண்டு நாள் மழிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் இதில் என் வேலை மட்டும் இல்லை என்று உறைத்தது. அந்த மனிதரின் பதக்கத்தையும் சேர்த்து நான் பந்தயத்தில் வைத்திருந்தேன், அவரைக் கேட்காமலே.

அன்று மாலை மில்லைத் தாண்டும்போது அத்தான் முக்காலியைத் தட்டினார். முதல் முறையாக, இயந்திரத்திலிருந்து முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்காரலாம் என்று நானே அளந்து பார்த்துக்கொண்டேன்.

துளை வழியே

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கீழிருந்து ஆள் வந்தது. பேட்டர்ன் தயாராம். மணலுக்குப் போகும் முன் வரைபட அறையிலிருந்து வந்து பார்த்துச் சரி சொல்வது முறை. திரு. நல்லையா கையிருப்பிலிருந்த வேலைகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை போலும்.

“என்ன தாங்கி? ஐசே, நீரும் வாரும்” என்றார் என்னைப் பார்த்து.

படிக்கட்டில் பதினெட்டுப் படிகள். அன்று எண்ணினேன்.

மேசையில் இருந்தது முக்கோணமே இல்லை. ஒரு கட்டை படுத்திருந்தது. அதன் ஒரு நுனியில் இன்னொரு கட்டை செங்குத்தாக எழுந்து நின்றது. மறு நுனியிலிருந்து மூன்றாவது, பின்சுவரை நோக்கிப் போய் அந்தரத்தில் முடிந்தது. நின்ற கட்டையும் போன கட்டையும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம்.

“இது என்ன, கதிரை உடைஞ்சு போச்சோ?” என்றார் திரு. நல்லையா. நாற்காலிக்கு அவர் ஊரில் அதுதான் பெயர்.

கோவிந்தசாமி அண்ணன் விலகி நின்றார். மேசைக்கு ஒரு கஜம் தள்ளி ஒரு குத்துக்காலில் பலகை அடித்து, அதில் கட்டைவிரல் அளவு துளை போட்டிருந்தார். அதைக் காட்டினார். திரு. நல்லையா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து துளையில் கண்ணை வைத்தார்.

அவருடைய முதுகை மட்டுமே நான் பார்த்தேன். அது நெடுநேரம் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து மேசையைப் பார்த்தார், மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். நாவிதர் நாற்காலியில் நான் செய்ததை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

பிறகு என் முறை. துளைக்குள் என் படம் இருந்தது. நீலத்தாளில் இருந்த அதே முக்கோணம், மரத்தில், மூன்று மூலையும் மூடி, எங்கும் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல். சுவரை நோக்கிப் போன கட்டையின் கடைசி நுனி, நின்ற கட்டையின் தலையோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் சிறுத்துத் தெரியும் என்று அந்த நுனியைச் சற்றுப் பருமனாக விட்டிருந்தார். நின்ற கட்டையின் தலையில் ஒரு மூலையைச் சாய்வாகச் சீவியிருந்தார். சுருங்கப் போகும் இரும்புக்கு அடிக்கோலை நீட்டிப் பழகியவருக்கு, கண்ணுக்காகக் கட்டையை நீட்டுவது புதிதில்லை.

“தேக்கா சலூன்ல சாமி படம் இருக்குல்ல” என்றார் கோவிந்தசாமி அண்ணன். “நிக்கிற எடத்துலதான் வெவகாரம். உங்களுக்கெல்லாம் ஒரு கண்ண மூடினாத்தான் தெரியும். எனக்கு அந்த வேலை மிச்சம்.” பிறகு சுவரில் இருந்த தாளைத் தட்டினார். “படத்துல ஒரு பக்கந்தான் போட்டிருக்கு. அந்தப் பக்கம் சரியா இருக்கா, பாத்துக்குங்க. மத்த பக்கமெல்லாம் என் இஷ்டம்.”

திரு. நல்லையா தாளுக்கு அருகே போனார். கட்டத்தைப் படித்தார். வரைந்தவர் என்ற இடத்தில், எல்லாப் படத்திலும் நகல் எடுத்தவன் பெயர் வருவதுபோல், என் பெயர். அதற்குக் கீழே அவருடைய எழுத்து. மறுபடியும் அதைப் படித்தார். பட்டறையில் ஒருவரும் வேலை செய்யவில்லை.

“உங்க கையெழுத்துதானே ஐயா” என்றார் கோவிந்தசாமி அண்ணன். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த எழுத்தை நம்பித்தான் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.

இல்லை என்று திரு. நல்லையா சொன்னால், அவர் அறையில் யாரோ அவர் எழுத்தைப் போடுகிறார்கள் என்று பட்டறைக்கே தெரிந்துவிடும். இந்தத் தச்சர் மூன்று நாள் ஒரு வேடிக்கைக்காக உழைத்தார் என்றும் தெரியும். ஆமாம் என்றால், ஒரே ஒரு பக்கம் வரைந்த படத்தை அவர் சரிபார்த்து அனுப்பினார் என்றாகும். திரு. நல்லையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகைத் துளையை இன்னொரு தரம் பார்த்தார்.

“ஓம்” என்றார். “என்ர எழுத்துத்தான். செய்யேலும் எண்டு பாத்துத்தான் போட்டனான்.”

“அப்ப ஆறும் வார்க்கணுமா?”

“வேண்டாம். மாதிரி ஒண்டு போதும் எண்டு சொல்லிப்போட்டினம். வடிவாய்ச் செய்திருக்கிறியள், கோவிந்தசாமி.”

கோவிந்தசாமி அண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உளியை எடுத்து, ஏற்கெனவே தீட்டியிருந்ததை மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

படியேறும்போது திரு. நல்லையா முன்னால் போனார். பன்னிரண்டாம் படி வரை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதின்மூன்றாவதில், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“என்ர எழுத்தின்ர வால் இடப்பக்கம் வளையும். நீர் வலப்பக்கம் வளைச்சிருக்கிறீர்.”

நான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் மேலே போய்க்கொண்டே இருந்தார். பின்னேரத்துக்குள் அந்தச் சாமானுக்கு மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று தோற்றமும் கீறி, அதாவது வரைந்து, மேசையில் வைக்கச் சொன்னார். இனி ஒரு பக்கத்தை மட்டும் கீறிக்கொண்டு தன் முன்னால் வரவேண்டாம் என்றும் சொன்னார்.

கடிதத்தில் ‘நிரந்தரம்’ இல்லை. தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டிருந்தது. கீழே அவருடைய எழுத்து. வால் இடப்பக்கம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைந்திருந்தது.

காப்பி ஆறுகிறது

எங்கள் கல்யாணத்துக்குக் கோவிந்தசாமி அண்ணன் அந்தச் சாமானைத் துணியில்கூடச் சுற்றாமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது புக்கிட் பாத்தோக் ஒன்பதாம் மாடியில், எங்கள் வரவேற்பறை அலமாரிமேல் இருக்கிறது. துளைப் பலகை வீடு மாறியபோது தொலைந்துபோனது. அதற்குப் பதிலாகத் தரையில் கறுப்பு நாடாவால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறேன். வருபவர்களை அதன்மேல் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, கதையைச் சொல்வேன். தன் கடமை உணர்ச்சியால் என்னைக் கொல்லப் பார்த்த பதிவேட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பெண் காப்பி கலந்துகொண்டிருப்பாள்.

போன வாரம் எதிர்வீட்டு மிஸ்டர் லிம் வந்தார். நாடாமேல் நின்றார். ஒரு கண்ணை மூடினார். கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, பதிவேட்டு இடத்தை அடைந்தேன். காப்பித் தட்டோடு வந்த கமலா, சாதாரணமாக, தமிழில் சொன்னாள்:

“அந்த நம்பர நான் தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

கதை நின்றுவிட்டது. தெரிந்தா என்றேன்.

“கா மணி நேரம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க ஏமாத்துறீங்கன்னு புடிபடல. அதுக்கு முந்தின வாரம் பூரா நீங்க தனியா சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. கீழ போனா பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுச் சிரிச்சுடுவாங்க, அப்ப உங்க மூஞ்சியப் பாக்கலாம்னு நெனச்சேன். அந்த மனுஷன் உக்காந்து செய்வாருன்னு யாருக்குத் தெரியும்.”

இருபது வருஷமா சொல்லலையே என்றேன். நீங்க கேக்கலையே என்றாள்.

“என் வேலை போயிருந்தா?”

அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, யோசிக்கவே இல்லாமல் சொன்னாள்:

“மிளகா மில்லுக்கு வந்து பாத்திருப்பேன்.”

மிஸ்டர் லிம் ஒரு கண்ணைத் திறக்காமலே, வீட்டுக்காரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டார். காப்பி ஆறுகிறது என்றேன்.